லூர் பெட்டி வாங்கும்முன் அதைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள்

தூண்டில் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். ரீல் சர்வீஸ், ராடில் கைடு மாற்றுவது, அதோடு பழைய லூர்களுக்கு, அதாவது மீனைக் கவரும் செயற்கை இரைகளுக்கு, ஹூக்கும் ரிங்கும் மாற்றி மறுபடி பெயிண்ட் அடித்துக் கொடுப்பது. மீன் கடித்துக் குதறிய லூர் வந்தால் எனக்குச் சந்தோஷம்தான், அது தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆனால் என் மேசைக்கு வருவதில் பாதிக்கு மேல் அப்படிப்பட்டவை இல்லை. தண்ணீரையே பார்க்காத புது மினோவின் (சின்ன மீன் வடிவக் கடின லூர்) வயிற்றில் பெயிண்ட் உருகியிருக்கும், பக்கத்தில் கிடந்த ரப்பர் புழுவின் அச்சு அப்படியே பள்ளமாக விழுந்திருக்கும். இல்லையென்றால் பெட்டி முழுக்க ட்ரெபிள் ஹூக் (மூன்று முனை முள்) துருப்பிடித்து, அந்தத் துரு வெள்ளை லூர்களின் மேல் பழுப்புக் கறையாக இறங்கியிருக்கும். எல்லாம் பெட்டிக்குள் நடந்த சேதம்.

லூர் நூற்றைத் தாண்டியதும் எல்லோரும் கேட்கும் கேள்வி, எத்தனை அறை உள்ள பெட்டி வாங்கலாம் என்பதுதான். அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் தெரிய வேண்டியது இரண்டு: பெட்டி எந்தப் பிளாஸ்டிக்கில் செய்தது, உள்ளே போன ஈரம் எந்த வழியாக வெளியே வரும்.

பிளாஸ்டிக்கில் ஆரம்பிப்போம், ஏனென்றால் திரும்பச் சரிசெய்யவே முடியாத சேதம் அங்கேதான் நடக்கிறது. சாஃப்ட் பெய்ட் என்ற, ரப்பர் புழு போன்ற மென்மையான லூர்களில் பெரும்பாலானவை பிவிசியில் செய்தவை. பிவிசி இயல்பில் விறைப்பான பொருள், அதை இளக்குவதற்காக பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற திரவத்தை நிறைய கலக்கிறார்கள். அந்தத் திரவம் பிவிசியோடு நிரந்தரமாகப் பிணைந்துவிடுவதில்லை, மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கும், தொட்டுக்கொண்டிருக்கும் பொருளுக்குள் ஊறும். பாலிஸ்டைரீன், ஏபிஎஸ் போன்ற கடினப் பிளாஸ்டிக்குகள், பெயிண்ட், வார்னிஷ் எல்லாம் அதற்கு இளகிக் கொடுத்துவிடும். கடினமான லூர்களில் பெரும்பகுதி ஏபிஎஸ்தான் என்பதை நினைவில் வையுங்கள். வெயில் காலத்தில் சில வாரங்கள் போதும், புழுவும் மினோவும் பெட்டியின் அடித்தட்டும் ஒன்றாக ஒட்டிப்போக.

பாலிபுரொப்பிலீனும் பாலிஎத்திலீனும் இந்தக் கசிவைத் தாங்கும். அதனால் பெட்டியைக் கையில் எடுத்ததும் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். 1988-இல் அமெரிக்காவில் வந்த குறியீடு அது. 5 என்றால் பாலிபுரொப்பிலீன், எடுத்துக்கொள்ளலாம். 2, 4 பாலிஎத்திலீன், அதுவும் சரி. 6 பாலிஸ்டைரீன், சாஃப்ட் பெய்ட்டுக்கு ஆகவே ஆகாது. 7 என்பது 'மற்றவை' என்ற கூடை, உள்ளே எதுவும் இருக்கலாம், எனவே கடின லூர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணே இல்லாத பெட்டிகளும் நிறைய உண்டு. அப்போது கீலைப் பாருங்கள். மூடியும் அடிப்பாகமும் ஒரே துண்டாக வார்க்கப்பட்டு, நடுவில் மெல்லிய மடிப்பே கீலாக இருந்தால் அது பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன்தான், அப்படி ஆயிரக்கணக்கான தடவை மடங்கியும் உடையாமல் இருப்பது அதன் குணம். பாலிஸ்டைரீனால் அது முடியாது, அதற்குத் தனியாகக் கம்பியோ குமிழோ வைத்த கீல் வேண்டும். கண்ணாடி மாதிரி பளிச்சென்று தெளிவாக இருந்து, நகத்தால் தட்டினால் கணீரென்று கேட்டால் சந்தேகப்படுங்கள். பால் கலந்தாற்போல் மங்கலாக இருந்தால் நல்ல அறிகுறி. இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் அறை பிரிக்கும் தடுப்பு ஒன்றை எடுத்துத் தண்ணீரில் போட்டு, கையால் அமுக்கிக் காற்றுக்குமிழி இல்லாமல் விடுங்கள். பாலிபுரொப்பிலீன் மிதக்கும், பாலிஸ்டைரீன் மூழ்கும். தடுப்பு ஒரு பிளாஸ்டிக், பெட்டி இன்னொரு பிளாஸ்டிக் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள், அதனால் தடுப்பு மிதந்ததை வைத்துப் பெட்டிக்கும் சான்றிதழ் கொடுத்துவிடாதீர்கள்.

சாஃப்ட் பெய்ட் எல்லாம் ஒரே சாதி என்று நினைத்து ஒன்றாகக் கொட்டுவது அடுத்த பிரச்சினை. ஜீமேன் நிறுவனத்தின் எலாஸ்டெக் போன்றவை பிவிசி அல்ல, வேறு வகை ரப்பர். நன்றாக இழுபடும், எளிதில் கிழியாது, ஆனால் சாதாரண பிவிசி புழுவோடு ஒரே அறையில் போட்டால் இரண்டும் உருகிக் கூழாகும். அவற்றை வாங்கிய பையிலேயே வைத்திருங்கள், பெட்டி ஆசை வேண்டாம். பெர்க்லி நிறுவனத்தின் கல்ப் என்ற சாஃப்ட் பெய்ட் வகை இதற்கு நேர் எதிர், காற்றுப் பட்டால் காய்ந்து சுருங்கித் தூண்டில் முள்ளில் கல்லாக இறுகிவிடும், அதன் திரவத்தோடு இறுக்கமாக மூடிய டப்பாவில்தான் இருக்க வேண்டும். பிவிசி வகையிலும் நிறம் பார்த்துப் பிரியுங்கள், கறுப்பும் சிவப்பும் பக்கத்தில் இருக்கும் வெள்ளையில் கட்டாயம் சாயம் ஏற்றும். உப்பு கலந்து செய்த புழுக்களை ஜிக் ஹெட்டில் (ஈயத் தலை வைத்த முள்) கோத்தபடியே பெட்டியில் போடாதீர்கள், உப்பு ஈரத்தை இழுக்கும், அடுத்த முறை திறக்கும்போது முள் உள்ளேயே துருப்பிடித்திருக்கும். வாலோ உடலோ வளைந்துபோன பிவிசி புழுவைத் தூக்கி எறிய வேண்டாம், சுடுநீரில் சிறிது நேரம் முக்கி நேராகப் படுக்க வைத்து ஆறவிட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

என்னைக் கேட்டால் பெரிய சேகரிப்பில் சாஃப்ட் பெய்ட்டுக்கு அறை வைத்த பெட்டியே தேவையில்லை. வந்த பையோடு செங்குத்தாக அடுக்கும் ஆழமான டப்பாவோ, பைகளைக் கோக்கும் பைண்டரோ போதும். அறைப் பெட்டிகளைக் கடின லூர்களுக்கு விட்டுவிடுங்கள்.

சரி, ஈரம். தண்ணீர் புகாத பெட்டி என்று ரப்பர் வளையம் வைத்த பெட்டிகளை நிறைய பேர் விரும்பி வாங்குகிறார்கள். படகிலும் கயாக்கிலும் அது நல்ல பொருள்தான், கவிழ்ந்தாலும் மிதக்கும். ஆனால் தண்ணீரை உள்ளே விடாத மூடி, உள்ளே போன தண்ணீரை வெளியேயும் விடாது. ஈரமான லூர் ஒன்றை உள்ளே போட்டு மூடினால் பெட்டி முழுக்க அந்த ஈரம் பரவி ஒவ்வொரு ஹூக்கிலும் படியும், கடல் தண்ணீராக இருந்தால் உப்பும் சேர்ந்து வேலை இன்னும் வேகம். என் கைக்கு வரும் மோசமான துருப் பெட்டிகளில் பல இந்த விலை உயர்ந்த ரகம்தான். அதனால் ஒரு ஏற்பாடு சொல்கிறேன்: அன்றைக்குப் பயன்படுத்திய லூர் எதையும் எடுத்த அறைக்கே திருப்பி வைக்காதீர்கள். அடியில் ஓட்டை உள்ள சின்னப் பெட்டி ஒன்று 'நனைந்தவை'க்கு என்று தனியாக இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் அதை அப்படியே குழாய்த் தண்ணீரில் அலசி, நிழலில் துணி விரித்துக் காயவைத்து, மறுநாள் அதன் இடத்தில் சேருங்கள். உள்ளே காற்று உள்ள, தவளை வடிவ ஃபிராக் லூர் என்றால் அமுக்கி உள்ளே புகுந்த தண்ணீரைப் பிழிந்துவிட வேண்டும், அதை மறந்தால் வெளியே எவ்வளவு காய்ந்தாலும் பயனில்லை.

சிலிக்கா ஜெல் போட்டிருக்கிறேனே என்பார்கள். சிலிக்கா ஜெல் பொதுவாகத் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை இழுக்கும், அதாவது 5 கிராம் பொட்டலம் 2 கிராம் தண்ணீரைக்கூடக் குடிக்காது. காய்ந்த பெட்டியைக் காய்ந்தபடி வைத்திருக்க அது உதவும், நனைந்த லூரைக் காயவைக்க உதவாது. நிறம் மாறும் ரகம் வாங்கினால் நிறைந்துவிட்டது தெரியும், அதிலும் நீலம் இளஞ்சிவப்பாக மாறும் ரகத்தில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சு இருப்பதால் ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாகும் ரகத்தையே நான் எடுப்பேன். ஃபிளாம்போ பெட்டிகளில் ஸீரஸ்ட் என்ற தடுப்புகள் வருகின்றன, துருவைத் தடுக்கும் ஆவியை மெல்ல வெளிவிடும் பிளாஸ்டிக் அது. வேலை செய்கிறது, ஆனால் மூடி மூடியிருந்தால்தான், அதுவும் சில வருடங்களுக்குத்தான். பெட்டிக்குள் பஞ்சு போன்ற ஃபோம் ஒட்டி அதில் முள்ளைக் குத்தி வைப்பது அழகாக இருக்கும், ஆனால் ஈரத்தை உறிஞ்சும் ஃபோமாக இருந்தால் முள்ளின் முனைதான் முதலில் போகும்.

இப்போது அளவுக்கு வரலாம். 3600, 3700 என்ற எண்களைக் கடைகளில் பார்ப்பீர்கள். பிளானோ நிறுவனத்தின் மாடல் எண்கள் அவை, இப்போது பலரும் அதே அளவில் செய்கிறார்கள், பைகளும் அதற்கேற்றே தைக்கப்படுகின்றன. 3600 சுமார் 11 அங்குல நீளம், 7 அங்குல அகலம். 3700 சுமார் 14 அங்குலம், 9 அங்குலம். ஏதாவது ஒரு அளவைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள், கலந்து வாங்கினால் அடுக்கவும் முடியாது, பையில் நுழையவும் நுழையாது. வாங்குவதற்கு முன் எல்லா லூரையும் தரையில் கொட்டி வகை வகையாகப் பிரித்து நீளத்தை அளந்துவிடுங்கள், ஹூக் தொங்கும் உயரத்தையும் சேர்த்து. பாப்பர், ஜெர்க் பெய்ட் போன்ற பெரிய கடின லூர்களைச் சாதாரண ஆழமுள்ள பெட்டியில் வைத்தால் மூடி அழுத்தும், லூரின் முகத்தில் நீட்டியிருக்கும் லிப் என்ற தகடு உடைவது அப்படித்தான். ஸ்பூன் என்ற உலோக லூரையும் ஜிக்கையும் மட்டும் 3700-இல் நிரப்பாதீர்கள், கனத்தில் மூடியைப் பூட்டும் கொக்கி பிய்த்துக்கொள்ளும், அவற்றுக்குச் சின்ன பெட்டிதான் சரி.

பல தட்டுகள் விரியும் பழைய பாணிப் பெரிய பெட்டியை நான் பரிந்துரைப்பதில்லை. கரையில் ஒரே இடத்தில் உட்கார்ந்து பிடிப்பவருக்கு ஓரளவு வசதி, மற்றவர்களுக்குச் சுமை, ஒரு தடவை சாய்ந்தால் மொத்தமும் ஒரே முடிச்சு. வீட்டில் இருப்பது முழுச் சேகரிப்பு, கையில் போவது அன்றைக்குத் தேவையான இரண்டு பெட்டி, இந்தப் பிரிவு இருந்தாலே போதும். பெயர் எழுதும்போது மூடியின் மேல் எழுதாமல் பக்கவாட்டில் எழுதுங்கள், அடுக்கி வைத்த பிறகு தெரிவது அதுதான்.

ட்ரெபிள் ஹூக் பின்னிக்கொள்வதைத் தடுக்க ஒரு அறைக்கு ஒரு லூர் என்பது நல்ல விதி, ஆனால் சேகரிப்பு பெரிதானால் கட்டுப்படியாகாது. ஹூக் மேல் மாட்டும் பிளாஸ்டிக் மூடிகளைப் போட்டுவிட்டு இரண்டு மூன்றை ஒன்றாக வைக்கலாம். இது சோம்பேறித்தனத்துக்குச் சொல்லும் யோசனை இல்லை, பின்னிக்கொண்ட கொத்தை உதறிப் பிரிக்கும்போதுதான் விரலில் முள் ஏறுகிறது. முள்ளை வெட்டும் அளவுக்கு வலுவான கட்டிங் பிளேயர் ஒன்று எப்போதும் மேலே கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். கண்ணிலோ கண் அருகிலோ முள் ஏறினால் இழுக்கவே கூடாது, அழுத்தாமல் மூடிக்கொண்டு நேராக மருத்துவமனைதான். எங்கே ஏறினாலும் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று யோசியுங்கள்.

ஈயக்குண்டும் ஈயத் தலை ஜிக்குகளும் தனிப் பெட்டியில், பூட்டோடு, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். பிரிட்டனில் 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையிலான ஈயக்குண்டுகளை விற்க 1987-இல் தடை வந்ததற்குக் காரணம், அன்னங்கள் அவற்றை விழுங்கி இறந்ததுதான். ஈரத்தில் கிடந்த ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடி படியும், அது கையில் ஒட்டும், பெட்டியிலும் தங்கும். அந்தக் கையோடு சாப்பிடாதீர்கள். சின்னக் குண்டுகளைப் பல்லால் கடித்துத் தூண்டில் நரம்பில் மூடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள், அதற்குத்தான் பிளேயர்.

மூடிய காருக்குள் வெயிலில் பெட்டியை விட்டுப் போவது நான் மேலே சொன்ன எல்லாவற்றையும் வேகப்படுத்தும். பிளாஸ்டிசைசர் கசிவு கூடும், உள்ளே காலியாக உள்ள லூர்களில் காற்று விரிந்து இணைப்பு விரியும், பளபளப்புத் தாள் குமிழ் விடும்.

ஏற்கெனவே வாங்கிவிட்ட 6-ஆம் எண் பெட்டிகளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். எறிய வேண்டாம். ஸ்விவல், ஸ்பிலிட் ரிங் போன்ற சின்ன உலோகப் பாகங்கள், புது ஹூக் பொட்டலங்கள், காய்ந்த உலோக ஸ்பூன், இவற்றால் அதற்கு எந்தக் கெடுதலும் இல்லை, உள்ளே இருப்பது நன்றாகத் தெரியும் என்பது ஒரு வசதியும்கூட. மூடியில் 'ரப்பர் வேண்டாம்' என்று மட்டும் எழுதி ஒட்டிவிடுங்கள், வீட்டில் வேறு யாராவது அடுக்கி வைக்கும் நாளும் வரும்.