ராக்கையில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை: காசைத் திரும்பக் கேட்பது எப்படி?

வெள்ளவத்தையில் ஒரு சுப்பர்மார்க்கட். எனக்கு முன்னால் நின்ற அம்மா எடுத்த பருப்புப் பைக்கற்றுக்கு ராக்கையில் 480 ரூபா என்று ஒட்டியிருந்தது. பில்லில் 530. கேட்டார். "அது பழைய லேபிள் அம்மா, கம்பியூட்டர்ல இதுதான் விலை" என்றார் காசாளர். பின்னால் வரிசை நீண்டது. அம்மா பேசாமல் கட்டிவிட்டுப் போனார். அடுத்த நிமிடமே ஒரு பையன் வந்து அந்த லேபிளைக் கழற்றினான்.

லேபிளை மாற்றாதது கடையின் பிழை. அதற்கு நாம் ஏன் 50 ரூபா கட்ட வேண்டும்? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், விலை விஷயத்தில் வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவதைத் தடுக்கிறது. கேட்டால் பில் கொடுப்பதும் வியாபாரியின் கடமை.

வாய் திறக்கும் முன் லேபிளைப் படம் எடுங்கள். பொருளும் லேபிளும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். பிறகு முகாமையாளரைக் கூப்பிடுங்கள். "பைக்கற்றில் அடித்த விலைக்கு மேலே எடுக்கவில்லையே" என்பார்கள். அதில் மடங்கிவிடாதீர்கள். நீங்கள் கேட்பது ராக்கையில் காட்டிய விலையை.

ஆனால் லேபிளை முழுதாக வாசித்துவிட்டுப் பேசுங்கள். அங்கத்துவ அட்டைக்கு மட்டும், குறிப்பிட்ட வங்கி அட்டைக்கு மட்டும், வார இறுதிக்கு மட்டும் என்று கீழே பொடி எழுத்தில் இருக்கும். பக்கத்து ஒரு கிலோ பைக்கற்றின் லேபிளாகவும் இருக்கலாம். இங்கேதான் பலருடைய முறைப்பாடு விழுந்துபோகிறது.

கடை மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம். அழைத்ததோடு விட்டுவிடாதீர்கள். சட்டப்படி முறைப்பாடு எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். அதிகார சபை கொழும்பு 2, வொக்ஷோல் வீதியில் இருக்கிறது. சுப்பர்மார்க்கட் பில்லின் எழுத்து கொஞ்ச நாளில் மங்கிவிடும். அன்றே படமெடுத்து வையுங்கள். மூலப் பில்லைக் கொடுத்துவிடாமல் பிரதியைக் கொடுங்கள்.

"சிங்களத்தில் எழுதிக்கொண்டு வாங்க" என்று எந்த அரச அலுவலகத்தில் சொன்னாலும் திரும்பி வராதீர்கள். தமிழும் அரச கரும மொழி. தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. கடிதத்தை நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தபாலில் என்றால் பதிவுத் தபால். "கடிதம் வரவில்லையே" என்று பிறகு சொன்னால் காட்ட அது வேண்டும்.