கிளியோபாட்ராவை எரித்த பஞ்சு

1937 ஜூலை 9, விடிவதற்கு முன். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள லிட்டில் ஃபெரி என்ற சிற்றூரைப் பகல் வெயில் 38 டிகிரிவரை வாட்டியிருந்தது. ஃபாக்ஸ் என்ற திரைப்பட நிறுவனத்தின் பழைய படச்சுருள்கள் கிடந்த கட்டடத்தில், யாரும் தீக்குச்சி கிழிக்காமலே நெருப்புப் பிடித்தது. 40,000க்கும் மேற்பட்ட ரீல்கள் போயின. அக்கம்பக்கத்துச் சிறுவன் ஒருவன் தீக்காயத்தால் இறந்தான். தீடா பாரா நடித்து 1917இல் வந்த ‘கிளியோபாட்ரா’ என்ற மௌனப்படம் இன்று சில துண்டுகளாக மட்டும் மிஞ்சியிருக்க இந்தத் தீயும் ஒரு காரணம்.

தானாக எப்படிப் பற்றியது? அந்தக் காலத்து பிலிமுக்கு மூலப்பொருள் பஞ்சு. அதை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் ஊறவைத்தால் நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கும். நைட்ரஜன் அதிகம் ஏறினால் அது பீரங்கிக்கான வெடிபஞ்சு. சற்றுக் குறைவாக ஏறினால், கற்பூரம் சேர்த்துக் கண்ணாடி போன்ற மெல்லிய தகடாக வார்க்கலாம். ஆமாம், நாம் ஆரத்தித் தட்டில் ஏற்றுகிற கற்பூரமேதான். தகடு ஒடியாமல் வளைவது அதனால்தான்.

விறகு எரியக் காற்று வேண்டும். இதற்கு வேண்டாம், எரியத் தேவையான ஆக்சிஜன் மூலக்கூறுக்குள்ளேயே இருக்கிறது. மணலைக் கொட்டினாலும் தண்ணீருக்குள் அமுக்கினாலும் எரிந்துகொண்டே இருக்கும்.

நெருப்பே படாவிட்டாலும் இந்த பிலிம் மெல்லச் சிதைந்து நைட்ரஜன் டைஆக்சைடு வாயுவை விடும். அது ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, சிதைவை இன்னும் முடுக்கிவிடும். மூடிய டப்பாவுக்குள் வாயுவுக்கும் போக்கிடமில்லை, சூட்டுக்கும் போக்கிடமில்லை. நன்றாகக் கெட்டுப்போன சுருள் நாள்கணக்கில் 41 டிகிரியில் கிடந்தாலே தீப்பற்றக்கூடும்.

அப்படியொரு டப்பாவைத் திறந்தால் முதலில் காரமான நெடி மூக்கில் ஏறும். பிலிம் தேன் நிறத்துக்கு மாறி, படம் மங்கியிருக்கும். ஜெலட்டின் பூச்சு பிசுபிசுத்து, சுற்றோடு சுற்று ஒட்டிக்கொள்ளும். பிறகு வெல்லப்பாகு போல நுரைத்துப் பொங்கி, கட்டியாக இறுகி, கடைசியில் துருவைச் சுரண்டியெடுத்தது போன்ற பழுப்புத் தூளாகிவிடும். அந்தத் தூளில் ஒரு நடிகையின் முகம் இருந்தது என்பதை நினைத்தாலே எனக்கு மனம் பதைக்கிறது.

1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வந்த மௌன முழுநீளப் படங்கள் ஏறத்தாழ 11,000. மூல வடிவில் முழுதாக மிஞ்சியவை 14 விழுக்காடுதான் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. எல்லாம் எரிந்து போகவில்லை. பிலிமின் பூச்சிலிருந்த வெள்ளிக்காக உருக்கப்பட்டவையும் வேண்டாமென்று வீசப்பட்டவையும் உண்டு.

சிதைவைத் தள்ளிப்போட ஒரே வழி குளிர். வர்ஜீனியா மாநிலம் கல்பெப்பரில் காங்கிரஸ் நூலகம் 124 தனித்தனி அறைகளில், சுமார் 4 டிகிரியில், வறண்ட காற்றில் இந்த நைட்ரோசெல்லுலோஸ் சுருள்களை வைத்திருக்கிறது. கனடாவின் டாசன் சிட்டியில் இதே வேலையை மண்ணே செய்தது. பழைய நீச்சல் குளமொன்றைத் தூர்க்க 1929இல் புதைத்த ரீல்கள், உறைந்த நிலத்துக்குள் அரை நூற்றாண்டு கிடந்தன. 1978இல் தோண்டியபோது 500க்கும் மேற்பட்ட சுருள்கள் கிடைத்தன. பலவற்றில் ஓரமெல்லாம் தண்ணீர்க் கறை. நடுவில் முகங்கள் அப்படியே இருந்தன.