குமிழி வரையும் வீட்டு பிளான்

மதுரையில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "எங்கள் ஆர்க்கிடெக்ட் இங்கே இருக்கிறார், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கோவையில். இவர் அனுப்பும் டிராயிங் அங்கே உள்ள பிளாட்டரில் கோடு பிசகாமல் வந்து விழுகிறது. நான் வாட்ஸ்அப்பில் அனுப்பும் போட்டோ மட்டும் ஏன் மங்கிப்போகிறது?"

பிளாட்டர் என்பது பெரிய தாளில் டிராயிங் எடுக்கும் பிரிண்டர். போட்டோ என்பது புள்ளிகளின் கூட்டம். அதைச் சுருக்கி அனுப்பும்போது விவரம் போய்விடுகிறது. கணினியில் டிராயிங் வரையும் கேட் (CAD) மென்பொருளில் இருந்து எடுக்கும் பிடிஎஃப் வேறு மாதிரி. "இங்கிருந்து அங்கே வரை, 0.35 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கோடு" என்பது போன்ற கட்டளைகள்தான் அதில் இருக்கும். பெரிய டிராயிங்குக்கான ஏ0 தாளின் அளவு 841 × 1189 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். அங்குலத்துக்கு 600 புள்ளி என்று கணக்குப் போட்டால் சுமார் 56 கோடி புள்ளிகள். வண்ணத்தோடு அப்படியே அனுப்பினால் ஒன்றரை ஜிபியைத் தாண்டும். கட்டளைகளாக அனுப்பினால் பெரும்பாலும் சில எம்பியோடு முடிந்துவிடும். கோட்டைப் புள்ளிகளாக உடைக்கும் வேலை கோவையில்தான் நடக்கிறது, அதுவும் மை விழுவதற்குச் சற்று முன்பு.

சரி, வெளியூரில் இருந்து வரும் கோப்பை அந்த பிளாட்டர் எப்படி வாங்குகிறது? அழைக்காமல் வெளியிலிருந்து வரும் எதையும் அலுவலக ரவுட்டர் உள்ளே விடாது. அதனால் பிளாட்டரே இணையத்தில் இருக்கும் சர்வரைத் தொடர்பு கொண்டு "எனக்கு ஏதாவது வந்திருக்கிறதா?" என்று கேட்டு எடுத்துக்கொள்கிறது. 2010-இல் எச்பி கொண்டுவந்த டிசைன்ஜெட் டி2300 இந்த வகைதான். 44 அங்குல அகலக் காகித ரோல், கூடவே ஸ்கேனர், இணைய இணைப்பு எல்லாம் ஒரே பெட்டியில். இன்ஜினியர் சிவப்புப் பேனாவால் தூணை நகர்த்திக் குறித்த தாளை அதே மெஷினில் செருகினால், அந்தக் குறிப்பு நிமிடங்களில் ஆர்க்கிடெக்டின் திரைக்கு வந்துவிடும்.

இவ்வளவு பெரிய மெஷின் மூன்று பேர் வேலை பார்க்கும் அலுவலகத்தின் மூலைக்கு எப்படி வந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. முன்பு பேனா பிளாட்டர்கள் இருந்தன. நிஜப் பேனாவைப் பிடித்துக்கொண்டு கோடு கோடாக வரையும். நெருக்கமான டிராயிங் என்றால் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். அந்த நிலையை மாற்றியது ஒரு நீராவிக் குமிழி.

இப்போதைய பிளாட்டரில் மை தெளிக்கும் பகுதியான பிரிண்ட் ஹெட்டில் முடியை விட மெல்லிய துளைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு துளைக்கும் பின்னால் மை நிரம்பிய ஒரு குட்டி அறை, அறையின் சுவரில் ஒரு ஹீட்டர். அதில் மின்சாரம் பாய்வது ஓரிரு மைக்ரோ நொடிதான் (நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு). அதற்குள் ஹீட்டரை ஒட்டிய மை 300 டிகிரி செல்சியஸ் வரை போய்விடுகிறது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்க வேண்டுமே என்று தோன்றும். பானையில் கொதிக்கும்போது குமிழிகள் அடிப்பரப்பின் கீறல்களில் நிதானமாகப் பிறக்கின்றன. இங்கே அதற்கு நேரமே இல்லை. கொதிக்க வேண்டிய கட்டத்தைத் தாண்டியும் திரவமாகவே நின்ற மை, ஒரு கணத்தில் ஹீட்டர் பரப்பு முழுவதும் ஒன்றாக ஆவியாகிறது. தாளிக்கும்போது கடுகு வெடிப்பதும் உள்ளே அடைபட்ட ஆவியால்தான். ஆனால் இந்தக் குமிழி ஒரே துளி மையைத் துல்லியமாக வெளியே தள்ளிவிட்டு, குளிர்ந்து சுருங்குகிறது. துளி அறுந்து தாளை நோக்கிப் பறக்கிறது. காலியான இடத்துக்குப் புது மை, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, தானாக ஏறிக்கொள்கிறது. ஆறு பிகோலிட்டர் (லிட்டரில் லட்சம் கோடியில் ஆறு பங்கு) துளி என்றால் குறுக்களவு 22 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 22 பங்கு அளவுக்குத்தான் இருக்கும். இத்தனையும் ஒரு துளையில் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை நடக்கிறது. குமிழி சுருங்கும் ஒவ்வொரு முறையும் ஹீட்டர் மீது சம்மட்டி அடி மாதிரி விழும். அதைத் தாங்கத்தான் மேலே டான்டலம் என்ற உலோகப் பூச்சு.

மை வெந்துபோகாதா? போகாது. சூடாவது ஹீட்டரை ஒட்டிய மிக மெல்லிய படலம் மட்டும். மீதி மைக்கு விஷயமே தெரியாது.

இது கிடைத்த விதமும் அழகு. 1977-இல் ஜப்பானின் கேனன் நிறுவனத்தில் சூடான சால்டரிங் அயர்ன் மை இருந்த ஊசி மீது பட, முனையில் இருந்து மை பீறிட்டது. இச்சிரோ எண்டோ அதைத் தற்செயல் என்று துடைத்துவிட்டுப் போகவில்லை. அமெரிக்காவில் எச்பி ஆய்வாளர்களும் தனியாக இதே வழிக்கு வந்து சேர்ந்தார்கள். 1991-இல் இந்தக் குமிழி முறையில் வரையும் எச்பியின் முதல் டிசைன்ஜெட் பிளாட்டர் வந்தது. நம் ஊரில் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் "இதனால் என்ன பயன்?" என்று முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்கிறோம். ஊசியில் மை தெறித்த அன்று அந்தக் கேள்விக்கு யாரால் பதில் சொல்லியிருக்க முடியும்? கொஞ்சம் பணமாவது வேடிக்கை பார்ப்பதற்கென்று ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு எச்சரிக்கை. எங்கள் வீட்டு அலமாரிக்கான டிராயிங்கை ஒரு கடையில் பிரிண்ட் எடுத்தேன். தாளுக்குள் அடக்கும் "ஃபிட் டு பேஜ்" டிக் ஆகியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. படம் நான்கு சதவீதம் சுருங்கிவிட்டது. 1:50 அளவில் மூன்று மீட்டர் சுவர் தாளில் 60 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், வந்தது 57.6. ஆசாரி ஸ்கேல் வைத்து அளந்து 2.88 மீட்டருக்கு மரத்தை அறுத்துவிட்டார். பன்னிரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இன்னமும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. டிராயிங்கில் அளக்கக் கூடாது, எழுதியிருக்கும் எண்ணைத்தான் படிக்க வேண்டும். கூடவே ஒவ்வொரு தாளிலும் ஒரு அளவுக்கோடு போடச் சொல்லுங்கள். 50 மில்லிமீட்டர் என்று எழுதிய கோடு 50 இல்லை என்றால் அந்தத் தாள் வேண்டாம்.

அப்புறம், ரிவிஷன், அதாவது டிராயிங்கைத் திருத்தி மறுபடி வெளியிடுவது. தூண் வேலை தொடங்கிய பிறகு சமையலறை அக்னி மூலைக்குப் போக வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். வெளிச்சமும் காற்றும் பார்த்து மாற்றினால் நியாயம். வாஸ்துவுக்காக ஒரு பீமை நகர்த்துவது எனக்கு ஒப்புதல் இல்லை. எப்படியானாலும் மாற்றினால் ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல், பிளம்பிங் மூன்று டிராயிங்கும் மாறும். புதிய தாள் அன்றே எல்லா அலுவலகத்திலும் பிரிண்ட் ஆகிவிடும். சைட்டில் மட்டும் பூமி பூஜையில் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பழைய தாள் இருக்கும். சாமிக்கு வைத்தது என்று அதைக் கிழிக்க யாருக்கும் மனசு வராது. கிழிக்க வேண்டாம், வீட்டுக்கு எடுத்துப்போய் பத்திரமாக வையுங்கள். மேஸ்திரி கையில் இருக்கும் தாளின் வலது கீழ் மூலையில் என்ன ரிவிஷன் எண் இருக்கிறது என்று நாளைக் காலை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.