லெஜியோனெல்லா சான்று: வேலூர் பிளம்பர் எதை வாங்கலாம்?

காட்பாடியில் பிளம்பிங் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, வெளிநாட்டு வேலைக்கு லெஜியோனெல்லா தெரிஞ்ச ஆள் வேணுங்கிறாங்க. அதுக்கு லைசென்ஸ் எந்த ஆபீஸ்ல குடுக்கறாங்க?" எந்த ஆபீஸிலும் கொடுப்பதில்லை. நிமோனியாவைக் கொண்டுவரும் இந்தக் கிருமிக்கென்று பிளம்பர் தனி உரிமம் எடுக்க வேண்டும் என்ற சட்டம் இந்தியாவில் இல்லை. அதனால் "அரசு லெஜியோனெல்லா லைசென்ஸ்" என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆனால் முறையாக வாங்கக்கூடிய சான்றுகள் இருக்கின்றன.

முதலில் கிருமியைப் பற்றி. 1976ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் முன்னாள் படைவீரர்கள் மாநாடு நடந்தது. போய் வந்தவர்கள் பலர் கடுமையான நிமோனியாவில் விழுந்தார்கள், பலர் இறந்தார்கள். 'அமெரிக்கன் லீஜன்' என்ற அவர்கள் சங்கத்தின் பெயரே பிறகு கிருமிக்கும் வந்தது. இது தண்ணீரில் வளர்கிறது. ஷவர், கூலிங் டவர், நீரூற்று போன்றவற்றிலிருந்து பறக்கும் நுண்துளிகளோடு மூச்சில் போய் நுரையீரலைப் பிடிக்கிறது. 50 வயதைத் தாண்டியவர்கள், புகைப்பவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

வேலூரில் இதைப் பற்றி எழுதக் காரணம் இருக்கிறது. சி.எம்.சி.க்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்கள் வாரக்கணக்கில் லாட்ஜில் தங்கிச் சிகிச்சை எடுக்கிறார்கள். புற்றுநோய் மருந்து எடுப்பவரும் உறுப்பு மாற்றிக்கொண்டவரும் அந்த லாட்ஜ் ஷவரில்தான் குளிக்கிறார்கள். அந்தக் குழாயை நம்மூர்ப் பிளம்பர்தான் போட்டிருப்பார்.

சரி, சான்றுக்கு வருவோம். வேலையிலேயே தொழில் கற்றவருக்கு ஏற்றது 'முன்கற்றல் அங்கீகாரம்', ஆர்.பி.எல். என்பார்கள். 2015ல் தொடங்கிய பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனாவில் இதுவும் ஒரு பிரிவு. பிளம்பிங் தொழிலுக்கான பாடத்திட்டத்தை வகுத்திருப்பது வாட்டர் மேனேஜ்மென்ட் அண்ட் பிளம்பிங் ஸ்கில் கவுன்சில் (முன்பு இந்தியன் பிளம்பிங் ஸ்கில்ஸ் கவுன்சில்). 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆதாரோடு ஸ்கில் இந்தியா டிஜிட்டல் தளத்தில் பதிந்து, நடக்கும் முகாமில் சேர வேண்டும். சிறு பயிற்சிக்குப் பிறகு உங்கள் வேலையைப் பார்த்து மதிப்பிடுவார்கள். திட்டத்தின் கீழ் நடக்கும் முகாமுக்குக் கட்டணம் கிடையாது. பள்ளி முடித்த பிள்ளைகள் ஐ.டி.ஐ.யில் ஓராண்டு பிளம்பர் படிப்பையே படிக்கலாம்.

இரண்டு குழப்பங்களைத் தீர்த்துவிடுகிறேன். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை உதவித்தொகைக்கானது, அதைத் தொழில்திறன் சான்றாகக் காட்ட முடியாது. பி.எம். விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் கொத்தனார் உண்டு, பிளம்பர் இல்லை.

லெஜியோனெல்லா பெயர் போட்ட சான்று வேண்டுமானால் வெளிநாட்டு அமைப்புகளிடம்தான் போக வேண்டும். அமெரிக்காவில் ஏ.எஸ்.எஸ்.இ. 12080 என்ற தகுதித் தரம் இருக்கிறது. பயிற்சியும் தேர்வும் உண்டு. பிரிட்டனில் எல்-8 என்ற நடைமுறை விதி, கட்டடத்தை நடத்துபவர் தகுதியுள்ள ஒருவரைப் பொறுப்பாளராக நியமிக்க வேண்டும் என்கிறது. அப்படி நியமித்தாலும் உரிமையாளரின் கடமை அவரை விட்டுப் போவதில்லை. நம் லாட்ஜ் முதலாளிகளும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பணம் கட்டுவதற்கு முன், நீங்கள் போகும் நாட்டு நிறுவனம் எந்தச் சான்றை ஏற்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இந்தப் படிப்புகளின் சாரம் வெப்பமும் ஓட்டமும்தான். 20 முதல் 45 டிகிரி வரை கிருமி செழிக்கும். அதனால் வெந்நீரை 60 டிகிரியில் தேக்கி, குழாய்முனைக்கு 50க்குக் குறையாமல் கொண்டுவர வேண்டும், பச்சைத் தண்ணீர் 20க்குக் கீழ் இருக்க வேண்டும் என்பது பிரிட்டன் கணக்கு. வெந்நீர்ப் பாதி நமக்கும் முடியும். கரண்டு மிச்சம் என்று கீசரை 45ல் வைப்பதை நிறுத்தினாலே போதும். ஆனால் 60 டிகிரி தோலைச் சுட்டுவிடும், எனவே குழாய்முனைக்கு அருகில், பச்சைத் தண்ணீரைக் கலந்து சூட்டைக் குறைக்கும் கலப்பு வால்வு அவசியம். மற்றப் பாதி இங்கே நடக்காது. சத்துவாச்சாரி மாடியில் நிற்கும் கறுப்பு டேங்கில் சித்திரை மாதத் தண்ணீர் கையே வைக்க முடியாத அளவு சுடுகிறது. ஆக நமக்குக் கைகொடுப்பது குளோரினும் ஓட்டமும். குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தரம். டேங்குக்கு நிழலும் மூடியும் வேண்டும். அடியில் சேறும், சுவரில் வழுவழுப்பும் சேரவிடக் கூடாது. நம்மூர் போர் தண்ணீரின் உப்புப் படிவமும் கிருமிக்கு ஒதுங்க இடம் கொடுக்கும். ஷவர் தலையைக் கழற்றித் தேய்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் நான் அதிகம் பயப்படுவது டெட் எண்டு லைனுக்கு. பழைய வாஷ்பேசினை எடுத்துவிட்டு எண்ட் கேப் போட்டு மூடுகிறோம். டீயிலிருந்து, அதாவது பைப் கிளை பிரியும் இணைப்பிலிருந்து, கேப் வரை நாலடி பைப்பில் தண்ணீர் வருஷக்கணக்கில் நின்றே கிடக்கும். அதிலிருந்து கிருமி மற்ற லைனுக்கும் போகலாம். கேப்பை டீ ஓரத்திலேயே போடுங்கள், முடிந்தால் டீயையே எடுத்துவிடுங்கள். அரை மணி நேர வேலைதான்.

பூட்டிக் கிடக்கும் அறைக்கு வாரம் ஒருமுறை லைனை ஓடவிட வேண்டும். ஷவர் தலையைக் கழற்றி, குழாயை வாளிக்குள் விட்டு, சாரல் பறக்காமல் சில நிமிடம் ஓடவிடுங்கள். அறை எண், தேதி, வெந்நீரின் டிகிரி, குளோரின் அளவு, கையெழுத்து என்று ஐந்து கட்டம் போட்ட நோட்டு ஒன்று லாட்ஜ் மேனேஜர் மேசையில் இருக்கட்டும்.