சேற்றுப் பாட்டிலின் அடியில் படியும் கறுப்பு

வகுப்பறையில் செலவில்லாமல் செய்யக்கூடிய நுண்ணுயிரியல் சோதனை எது என்று ஆசிரியர்கள் கேட்டால், யோசிக்காமல் வினோகிராட்ஸ்கி சோதனையைத்தான் சொல்வேன். 1880களில் கந்தகத்தை நம்பி வாழும் பாக்டீரியாக்களை ஆராய்ந்த ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி தந்த முறை இது. பலரும் வண்ண அடுக்குகளைப் படமெடுப்பதோடு விட்டுவிடுகிறார்கள். எனக்கென்னவோ அடியில் படியும் கறுப்புதான் முக்கியம்.

இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டிவிட்டு, குளத்துச் சேற்றோடு கிழித்த நியூஸ்பேப்பர், நொறுக்கிய முட்டை ஓடு, கொஞ்சம் ஜிப்சம் கலந்து முக்கால் பாகம் நிரப்புங்கள். (ஜிப்சம் இல்லையா? சாதாரண சாக்பீஸைப் பொடி செய்து போடுங்கள், பெரும்பாலும் அதுவும் ஜிப்சம்தான்.) மேலே குளத்துத் தண்ணீர். வாயைத் தளர்வாக மூட வேண்டும். இறுக்கினால் உள்ளே வாயு சேரும், கண்ணாடிப் பாட்டிலாக இருந்தால் வெடிக்கவும் கூடும். சாக்கடைச் சேறு வேண்டவே வேண்டாம். வெயில் நேரே படாத, வெளிச்சமான ஜன்னலோரத்தில் வையுங்கள்.

சில நாட்களில் அடிச்சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். காகிதத்தைச் சில பாக்டீரியாக்கள் சிதைக்கும். சிதைந்ததைத் தின்னும் டெசல்ஃபோவிப்ரியோ போன்ற வேறு பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதில் ஜிப்சத்திலுள்ள சல்ஃபேட்டை வைத்துச் சுவாசிக்கும். வெளிவருவது ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகிய முட்டை நாற்றம். அது சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்தால் கறுப்பு. வாரங்கள் போகப்போக அதற்கு மேலே பச்சைக் கந்தக பாக்டீரியா, அதன்மேல் அந்த வாயுவை அவ்வளவாகத் தாங்காத ஊதா, உச்சியில் பாசியும் சயனோபாக்டீரியாவும்.

கூடவே இன்னொரு பாட்டிலைக் கறுப்புத் தாள் சுற்றி வையுங்கள். பிரித்துப் பார்த்தால் பச்சையும் இருக்காது, ஊதாவும் இருக்காது. கறுப்பு மட்டும் இருக்கும். அந்த வாயு உருவாக வெளிச்சமே தேவையில்லை. "வெளிச்சமும் காற்றும் புகாமல் கழிவு தேங்கும் இடம் வீட்டில் எது?" என்று மாணவர்களிடம் கேட்டால், "செப்டிக் டேங்க் சார்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.

பாட்டிலில் உண்டாவது சொற்பம், நாற்றத்தோடு போய்விடும். தொட்டியில் அப்படியல்ல. காற்றில் இந்த வாயு பத்து லட்சத்தில் 100 பங்கு இருந்தாலே சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. 700ஐத் தாண்டினால் ஒன்றிரண்டு மூச்சிலேயே நினைவு தப்பும். மூடியைத் திறந்து, "வாடை ஒன்றும் இல்லை, இறங்கு" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. நாற்றம் அடங்கியிருந்த கசடும் கிளறினால் வாயுவைக் கக்கும். ஆசிட் ஊற்றுவது அதைவிட மோசம்: கறுப்புக் கசட்டில் அமிலம் பட்டால் இரும்போடு பிணைந்திருந்த வாயு கிளம்பிவிடும். சோதனை முடிந்த பாட்டிலையும் ஆசிட் விட்டுக் கழுவாதீர்கள். திறந்தவெளியில் கொட்டி, சோப்புப் போட்டுக் கையைக் கழுவினால் போதும்.

பாதுகாப்புச் சாதனமில்லாமல் தொட்டியில் ஆளை இறக்குவது கையால் கழிவு அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தமிழ்நாட்டில் 14420க்கு அழைத்தால் கழிவுநீர் லாரி வரும். யாராவது உள்ளே மயங்கி விழுந்துவிட்டால், தூக்கிவிட நீங்களும் இறங்காதீர்கள். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் சாவது பெரும்பாலும் இப்படித்தான். 101க்கு அழையுங்கள், சுவாசக் கருவியோடு தீயணைப்பு வீரர்கள் இறங்கட்டும்.