நிறம் எழுதப்படாத விண்ணப்பம்

அமெரிக்காவில் மருத்துவ ஆய்வுகளுக்குப் பெருமளவில் பணம் தருவது தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் என்ற அரசு அமைப்பு. சுருக்கமாக என்.ஐ.எச். அங்கே நிதி கேட்கும் விஞ்ஞானி தன் இனத்தைக் குறிப்பிடலாம். ஆனால் அந்தத் தகவல் மதிப்பீட்டாளர்களின் கைக்குப் போகாது. ஆய்வுத் திட்டம், விண்ணப்பித்தவரின் பெயர், படித்த இடம், வேலை பார்க்கும் இடம், வெளியிட்ட கட்டுரைகள் போன்றவைதான் அவர்கள் கண்ணில் படும்.

நிறமே தெரியாதபோது பாகுபாடு எப்படி வரும்? 2011இல் பொருளியலாளர் டோனா கிந்தரின் குழு சயன்ஸ் இதழில் ஒரு கணக்கை வெளியிட்டது. 2000 முதல் 2006 வரை வந்த விண்ணப்பங்களில், வெள்ளையர்களுடையவற்றில் சுமார் 29 விழுக்காட்டுக்கு நிதி கிடைத்திருந்தது. கறுப்பினத்தவர்களுக்கோ சுமார் 16 விழுக்காடுதான். படிப்பு, பயிற்சி, முன்பு பெற்ற நிதி, வெளியீடுகள், பணிபுரியும் நிறுவனம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து ஒப்பிட்ட பிறகும் 10 விழுக்காட்டுப் புள்ளி இடைவெளி மிஞ்சியது.

என்னை உறுத்துவது அந்தப் பத்து மட்டும் அல்ல. கணக்கில் "எடுத்துக்கொண்ட" வெளியீடுகளே நேர்மையான அளவுகோல்தானா? 2023இல் சுமார் பத்து லட்சம் கட்டுரைகளை அலசிய ஓர் ஆய்வு, வெள்ளையரல்லாத விஞ்ஞானிகளின் கட்டுரைகள் பரிசீலனையில் அதிக நாள் காத்திருப்பதையும், ஒத்த உள்ளடக்கம் கொண்ட பிற கட்டுரைகளைவிடக் குறைவாக மேற்கோள் காட்டப்படுவதையும் கண்டது. ஏற்கெனவே சாய்ந்திருக்கும் தராசில் நிறுத்துவிட்டு, மிச்சம் பத்து என்கிறோம்.

சரி, அந்த மிச்சம் எங்கே உருவாகிறது? 2019இல் என்.ஐ.எச். ஆய்வாளர்களே ஒவ்வொரு படியாகப் போய்த் தேடினார்கள். முதலில் சில மதிப்பீட்டாளர்கள் விண்ணப்பத்தைப் படித்து மதிப்பெண் போடுகிறார்கள். அதில் பின்தங்கியவை கூட்டத்தில் பேசப்படுவதே இல்லை. அங்கேயே கதை முடிந்துவிடும். கறுப்பின விஞ்ஞானிகளின் விண்ணப்பங்கள் இந்த வாசலிலேயே அதிகம் நின்றுபோயின. அப்புறம் இன்னொன்றும் தெரிந்தது. அவர்கள் எடுத்துக்கொள்ளும் தலைப்பே இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காரணம். சமூகங்களுக்கு இடையே உள்ள உடல்நல ஏற்றத்தாழ்வு, மக்கள் நடுவில் போய்ச் செய்யும் ஆய்வு போன்றவற்றை அவர்கள் கூடுதலாகத் தேர்ந்தெடுத்தார்கள். செல்லுக்குள்ளும் மூலக்கூறுகளுக்குள்ளும் நடப்பதை ஆராயும் திட்டங்களுக்குத்தான் பணம் எளிதாகக் கிடைத்தது.

அப்படியானால் அந்தத் தலைப்புகள் மட்டமானவையா? 2021இல் வந்த அடுத்த அலசல் வேறு விடை தந்தது. என்.ஐ.எச். என்பது 27 நிறுவனங்களும் மையங்களும் சேர்ந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தனி நிதி. இந்தத் தலைப்புகள் போய்ச் சேர்ந்த நிறுவனங்கள் பலவற்றில், யார் விண்ணப்பித்தாலும் நிதி கிடைக்கும் வாய்ப்பு குறைவு. எந்த நோயாளிகளைப் பற்றிக் கேட்கிறோம் என்பதே கேட்பவரின் தலைவிதியை எழுதிவிடுகிறது. ஆய்வு நடக்காமல் போவதால் இழப்பது அந்த விஞ்ஞானி மட்டுமல்ல, அவர் யாருக்காகக் கேட்டாரோ அவர்களும்தான்.

அதே ஆண்டு வெளிவந்த சோதனை ஒன்றுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. கறுப்பினத்தவர்களின் 400 விண்ணப்பங்களையும் வெள்ளையர்களின் 800 விண்ணப்பங்களையும் எடுத்து, பெயரையும் அடையாளக் குறிப்புகளையும் மறைத்து மறுபடி மதிப்பிட வைத்தார்கள். கறுப்பினத்தவர்களின் மதிப்பெண் உயரும் என்றுதான் நான் எதிர்பார்த்திருப்பேன். அது அசையவே இல்லை. வெள்ளையர்களின் மதிப்பெண் சற்று இறங்கியது, இடைவெளி பாதியானது. பெயரும் நிறுவனமும் ஒரு தரப்பைக் கீழே தள்ளவில்லை. மற்றதைக் கொஞ்சம் தூக்கிவிட்டிருந்தன. யாரையும் வெறுக்காத, தன்னை நியாயவான் என்று மனதார நம்பும் மதிப்பீட்டாளரின் கையாலேயே இது நடந்துவிடும். அதனால்தான் இதைப் பிடிப்பது இவ்வளவு கடினம்.

2025 ஜனவரியில் என்.ஐ.எச். விதியை மாற்றியது. விண்ணப்பதாரரின் தகுதிக்கும் நிறுவன வசதிக்கும் இனித் தனி மதிப்பெண் கிடையாது. திட்டத்துக்குப் போதுமானவையா என்று மட்டும் பார்ப்பார்கள். ஆனால் பெயர் இன்னும் மறைக்கப்படவில்லை.