மிரர் இருக்கிறது, பேக்கப் எங்கே?

"இரண்டு டிஸ்க்கை மிரராக இணைத்து ரெய்டு 1 போட்டிருக்கிறோமே, பிறகு எப்படி சார் கோப்பு கெடும்?" என்ற கேள்வி, சென்னை ரிச்சி தெருவில் தரவு மீட்பு வேலை பார்க்கும் எனக்கு அலுத்துவிட்டது. அண்மையில் அதைக் கேட்டவர் மயிலாப்பூரில் ஆடிட்டர் அலுவலகம் நடத்துபவர். மின்சாரம் போய் வந்தபின் டாலி கணக்கு மென்பொருளின் கோப்புகள் திறக்காததால், கணினி பார்க்கும் பையன் நேராக, விண்டோஸின் டிஸ்க் பழுதுபார்க்கும் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டியிருக்கிறான். கோப்புகளின் துண்டுகள் ஃபவுண்ட்.000 என்ற கோப்புறையில் குவிந்தன, இரண்டு டிஸ்க்கிலும் ஒரே மாதிரி.

இதில் வியப்பு எதற்கு? மிரர் என்பது எழுதப்படுவதை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் ஏற்பாடு. தவறாக எழுதப்பட்டதையும், நீங்கள் அழித்ததையும், பணம் கேட்டுக் கோப்புகளைப் பூட்டும் ரான்சம்வேர் பூட்டியதையும் அதே விசுவாசத்துடன் இரண்டிலும் செய்துமுடிக்கும். ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காது என்பதற்கு மேல் அது எதையும் உறுதியளிக்கவில்லை. வெள்ளத்தில் பெட்டி மூழ்கினால் இரண்டும் சேர்ந்தே மூழ்கும்; 2015 டிசம்பரைக் கண்ட ஊருக்கு இதை விளக்க வேண்டுமா?

இரு பிரதிகளும் வேறுபட்டால் எது சரி என்பதும் சாதாரண மிரருக்குத் தெரியாது. லினக்ஸின் எம்டி என்ற மென்பொருள் ரெய்டு மிரரில் 'ரிப்பேர்' கொடுத்தால், அது ஒரு பிரதியை எடுத்து மற்றதன்மேல் எழுதிவிடும். நல்லது அழிந்து கெட்டது நிலைக்கவும் கூடும். தரவு மாறிவிட்டதா என்று சரிபார்க்கும் எண்ணான செக்சம் வைத்திருக்கும் இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகள் கெட்ட பிரதியை அடையாளம் கண்டு திருத்தும். (பிடிஆர்எஃப்எஸ்ஸில் நோடேட்டாகவ் என்ற அமைப்பை வைத்த கோப்புகளுக்குச் செக்சம் கிடையாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.) ஆனால் மென்பொருளே தவறாக எழுதியிருந்தால், செக்சமும் அந்தத் தவறுக்கே பொருந்தும்.

ஆகவே கோப்பு கெட்டதாகத் தெரிந்ததும் எழுதுவதை நிறுத்துங்கள். செக்டிஸ்க், ரீபில்டு (மிரரை மீண்டும் கட்டுவது) எதுவும் வேண்டாம். எந்த டிஸ்க் எந்த இடத்தில் இருந்தது என்று குறித்துவிட்டு, ஒவ்வொன்றையும் டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் கருவி கொண்டு வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்து, பழுதுபார்ப்பதை நகலில் மட்டும் செய்யுங்கள். யூபிஎஸ் பேட்டரியைச் சோதியுங்கள். கணினியுடன் இணைக்காத ஒரு பேக்கப்பை வேறு கட்டடத்தில் வைத்து, அதிலிருந்து ஒரு கோப்பையாவது அவ்வப்போது திறந்து பாருங்கள்.

எங்களிடம் வரும்போது, தயவுசெய்து, இரண்டு டிஸ்க்கையும் கொண்டுவாருங்கள். வாரக்கணக்கில் முன்பே மிரரிலிருந்து விலகி, 'செத்துவிட்டது' என்று நீங்கள் மேசை இழுப்பறையில் போட்டுவைத்த அந்த டிஸ்க்கில்தான் கெடாத பழைய கோப்பு இருக்க வாய்ப்புண்டு.